பாறையில் காய்ந்த உரம்

யூரியா மூட்டைக்கு அடிதடி நடந்த காலம் அது. சங்கரன்கோவிலில் உரக்கடை திறப்பதற்கு முன்பே ஆட்கள் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். ஒரு மூட்டை கிடைத்தவர் அதைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போவார். கூடப் போகிறவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டே நடப்பார். விழுந்து கிழிந்துவிட்டால் அந்தப் பருவமே போச்சு. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததை வயலில் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் பாதிச் சத்து தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், கொஞ்சம் காற்றோடு போய்விடும், பயிருக்கு மிஞ்சுவது சொற்பம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போதும் சொல்வார். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாய் மூடுமுன்னே சொல்வார்.

அவர் கல்லூரியில் ரசாயனம் படித்தவர். உத்தியோகத்துக்குப் போகாமல், குருவிகுளம் போகிற பாதையில் இருந்த தன் அப்பாவின் கிணற்றுப் பாசன நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார். நான் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் டீச்சர். சம்பளம் என்னுடையது, யோசனைகள் அவருடையவை. எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. அவருடைய யோசனைகளில் முக்கால்வாசி என் அடுப்படியில்தான் வந்து முடியும் என்பதால் அவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

வேப்பம்புண்ணாக்குத் தூளை யூரியாவின் மேல் பூசிவிட்டால் அது மெதுவாகக் கரையும் என்று விவசாய அதிகாரிகள் அப்போது சொல்லிவந்தார்கள். தூள் ஒட்டிக்கொள்வதற்குத் தாரை மண்ணெண்ணெயில் கரைத்து யூரியாவில் பிசற வேண்டும். ரோடு போடுகிறவர்களிடம் சொல்லித் தார் வாங்கிவிடலாம். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? ரேஷன் கார்டுக்குக் கொடுப்பதே பாதி மாதத்துக்குக் காணாது.

"அடுப்பெரிக்கவே எண்ண இல்ல. வயலுக்கு வேற ஊத்தப் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஊத்தாமலே ஒட்ட வைக்கதுக்கு வழி பாக்கேன்" என்றார்.

வழி கிடைத்தது தறிக்காரத் தெருவில். உரக்கடையில் காத்து நின்று வெறுங்கையோடு திரும்பிய ஒருநாள், அந்தத் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்ததை நின்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு இழையிலும் கஞ்சி மெல்லிய தோலாகப் படிந்து காய்கிறது. நூலுக்குத் தோல் போடலாம் என்றால் உரத்துக்கும் போடலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எந்தக் கஞ்சி நன்றாக ஒட்டும் என்று அங்கேயே விசாரித்தார். புளியங்கொட்டைக் கஞ்சி பசை மாதிரி ஒட்டும் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது கேரியரில் யூரியா இல்லை, ஒரு சாக்குப் புளியங்கொட்டை இருந்தது.

அதற்குப் பிறகு என் அடுப்படி என்னுடையதாக இல்லை. கொட்டையை வறுத்து, தொலி நீக்கி, இடித்து, மாவாக்கிக் காய்ச்ச வேண்டும். முதல் தடவை கஞ்சி இளகலாகிவிட்டது. யூரியாவைப் போட்டதும் அது உள்ளே கரைந்து, பாயசம்போல் சட்டியில் தளும்பியது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையில் நின்று வாங்கிய யூரியா அல்லவா. அடுத்த தடவை களி பதத்துக்குக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, கொஞ்சமாகச் சாக்கில் தடவி, யூரியாவை அதன்மேல் கொட்டி, சாக்கின் இரண்டு தலைப்பையும் பிடித்து உருட்டி எடுத்தார். ஒட்டியது. அதன்மேல் வேப்பம்புண்ணாக்குத் தூளைத் தூவினார். புண்ணாக்கு போதாதபோது செக்கடியில் குப்பையாகக் குவிந்து கிடந்த கடலைத்தோட்டை அள்ளிவந்து, மாவாக இடித்துக் கலந்தார். வெயிலில் காய்ந்ததும் பழுப்பு நிறத்தில் மிளகு மிளகாக உதிர்ந்தது. ஒரு குத்து எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வெறும் யூரியாவையும் ஒரு தம்ளரில் போட்டார். வெறும் யூரியா போட்ட சுவடு தெரியாமல் கரைந்துபோனது. பூசியது அப்படியே அடியில் கிடந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த உரத்துக்கு ஒரு வாசனை இருந்தது. வறுத்த புளியங்கொட்டையும் கடலையும் கலந்த வாசனை. வேப்பங்கசப்பு மூக்கில் ஏறவே ஏறாது. மாட்டுத்தொட்டி வாசனை வீடு முழுக்க அடிக்கிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் நெல் நடுவதற்கு முன் வயலில் ஆட்டுக்கிடை போடுவது உண்டு. மேய்ச்சல்காரர்கள் தங்கள் செம்மறிகளை ராத்திரியில் நம் வயலில் அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அவர்களுக்கு நெல்லும் சாப்பாடும் நாம் கொடுக்க வேண்டும். எங்கள் வயலுக்கு ஒரே கிடைக்காரர்தான் வருடா வருடம் வருவார். என் கணவரைவிட மூத்தவர். ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஆடுகளிடம் பேசுகிற குரலிலேயேதான் எங்களிடமும் பேசுவார். அவருக்கு நிலம் கிடையாது. வீடும் பெயருக்குத்தான். அந்த ஆடுகள்தான் அவருக்கு எல்லாம்.

கிடை வந்து இறங்குகிற முதல்நாள் ஆடுகளுக்கு ஒருவாய் தீனி வைப்பது என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். புளியங்கொட்டையை உடைத்து வேகவைத்து, புண்ணாக்கும் கடலைத்தோட்டுத் தூளும் போட்டுப் பிசறி, வயலோரத்துப் பாறையில் பரப்பிவைப்போம். பாறையைச் சுற்றி முள்வேலி உண்டு. கிடைக்காரர் முள்படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விடுவார். அவை பாறையை நக்கித் துடைத்துவிட்டுத்தான் வெளியே வரும்.

அந்த வருடம் ஆவணியில் அவர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை என் கணவர் அந்தப் பருவத்துக்கு வேண்டிய உரம் முழுவதையும் பூசி, அதே பாறையில் காயப்போட்டார். வேறு எங்கே காயப்போடுவது? பரந்த இடம் அது ஒன்றுதான். பொழுது சாய்ந்தும் ஈரம் போகவில்லை. பனையோலைப் பாயால் மூடிவைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதோடு சரி. அரிவாளைத் தொடமாட்டார், மண்வெட்டியைத் தொடமாட்டார். கோயிலுக்குப் போகிற வழியில் பாறைக்குப் போய்ப் பாயை மட்டும் எடுத்துவிட்டார்.

"இது வேலையில்லையோ?" என்று வம்புக்கிழுத்தேன்.

"பாய எடுக்கதுதான் நான். காய வைக்கது வெயிலு" என்றார்.

"அப்ப வெயிலுக்கு ஓய்வுநாள் இல்லன்னு சொல்லுதிய."

சிரித்துக்கொண்டே படலை இழுத்துச் சாத்தினார். சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடித்து ஆராதனைக்குப் போனோம். அன்று காலை நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கிடைக்காரர் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார். அதற்கு முன் கிடை போட்டிருந்த ஊரில் மழை ஒன்று அடித்துவிட்டதாம். நிலத்துக்காரர் உழவேண்டும் என்று கிடையைக் கிளப்பிவிட்டார். காய்ந்த புஞ்சை வழியாக வெகுதூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் ஆடுகள் வாய்வைக்க ஒரு பச்சை கிடையாது. எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஞாயிறு என்றால் நாங்கள் கோயிலுக்குப் போயிருப்போம் என்று அவருக்குத் தெரியும். பாறையைப் பார்த்தார். பழுப்பாக என்னவோ பரப்பியிருந்தது. புளியங்கொட்டை வாசனை அடித்தது. தாம் முந்திவரப்போவது எப்படியோ தெரிந்து, பூட்டிவிட்டுப் போனாலும் தீனியை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். 'புண்ணியவாளன்' என்று வாய்விட்டுச் சொன்னதாகப் பிறகு அவரே சொன்னார். படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டார். தின்று முடித்ததும் கிணற்றுத் தொட்டியில் வயிறுமுட்டத் தண்ணீரும் காட்டியிருக்கிறார்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்தச் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. ஆடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அறுக்கும்போதுகூட அப்படிக் கத்தாது. என் கணவர் ஒரு விநாடி நின்றார், அவருக்குப் புரிந்துவிட்டது. கோயில் வேட்டியோடு ஓடினார்.

பாறையைச் சுற்றியும் வயலுக்குள்ளும் ஆடுகள் கிடந்தன. வயிறு உப்பி, கால் விறைத்து, வாயில் நுரையோடு. நிற்க முடிந்தவை நடுங்கிக்கொண்டு நின்றன. அவை பல்லைக் கடிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. கிடைக்காரர் ஒவ்வொன்றாக ஓடி ஓடித் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். நிறுத்தியது விழும், அடுத்ததற்கு ஓடுவார். எங்களைப் பார்த்ததும், "மொதலாளி, என்னமோ ஆயிட்டு, என்னன்னு தெரியலியே, பூச்சி பொட்டு கடிச்சிருக்குமோ?" என்று கேட்டார்.

"புளி கொண்டா" என்று என் கணவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "இருக்க புளி எல்லாத்தயும் கொண்டா. மோரும் கொண்டா."

புளிப்பு உள்ளே போனால் யூரியாவின் வேகம் மட்டுப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடத்துக்கு உப்புப்போட்டு அடைத்துவைத்திருந்த புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்படியே பாறையில் போட்டு உடைத்தேன். தொட்டித் தண்ணீரில் கரைத்துக் கரைத்து, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் ஊற்றி, ஒவ்வொரு ஆட்டின் வாயையும் பிளந்து புகட்டினோம். கோயிலுக்குக் கட்டியிருந்த வெள்ளைச் சேலை புளித்தண்ணீரிலும் நுரையிலும் ஊறிப்போனது. ஒரு சினையாடு என் மடியில் தலையை வைத்தபடியே செத்தது. அதன் வயிற்றுக்குள் குட்டி கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதுகிற இப்போதும் என் உள்ளங்கையில் அந்த அசைவு தெரிகிறது.

சங்கரன்கோவிலிலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தபோது அவர் செய்வதற்கு அதிகமில்லை. பாதிக்குமேல் போய்விட்டன. மிஞ்சியவற்றில் சில மறுநாள் போயின.

என் கணவர் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் வருவதற்கு முன்பே கிடைக்காரர் முன்னால் போய் நின்று சொன்னார்.

"பூச்சி கடிக்கல அண்ணாச்சி. பாறையில கெடந்தது தீனி இல்ல, உரம். யூரியா. நாந்தான் காயப்போட்டேன்."

கிடைக்காரர் அவரைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். "நாந்தான படலத் தொறந்து விட்டேன்" என்றார். பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

சாயங்காலம் கறிக்கடை ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்துவிட்டார்கள். இந்த மாதிரிச் சேதி அவர்களுக்கு எப்படித்தான் எட்டுமோ. குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கிடைக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் கையோங்கி நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான். வயலின் மேல்கோடியில் குழி வெட்டினோம். ஒரு குழி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடாத மனிதர் அன்று இருட்டும்வரை வெட்டினார்.

நாங்கள் எங்களால் முடிந்ததைக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார். அது அவருடைய இழப்பில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மிஞ்சிய ஆடுகளை வைத்துக் கிடை போட முடியாது. ஒரு கிடைக்கு இத்தனை ஆடு வேண்டும் என்று உண்டு, அதற்குக் குறைந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவற்றை மைத்துனரிடம் விட்டுவிட்டு, கடையநல்லூர்ப் பக்கம் யாருடைய ஆடுகளையோ கூலிக்கு மேய்க்கப் போனார். புறப்படுவதற்கு முன் வீட்டுக்கு வந்தார்.

"ஒங்க மேல வருத்தம் இல்ல மொதலாளி. ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஒரத்த யார்கிட்ட சொன்னாலும், ஆட்டையும் சேத்துச் சொல்லணும். எங்க ஆடு செத்ததச் சொல்லணும். இன்னொருத்தன் படலத் தொறந்துறக் கூடாதுல்லா."

"சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார் என் கணவர். சத்தியம் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அன்று அதை நானும் நினைக்கவில்லை.

அந்த உரத்தை அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. ஆடு தின்றது போக மிஞ்சியிருந்ததைப் பாதி வயலில் போட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் விளக்கம் சொல்லவும் இல்லை. ஆனால் பயிர் அவர் பக்கம் சாட்சி சொன்னது. மற்றப் பாதி வெளிறி மஞ்சளடித்த பிறகும் அந்தப் பாதி கரும்பச்சையாகவே நின்றது. கதிரும் நீளம். மேல்கோடியில் குழி வெட்டிய இடத்தில் பயிர் இன்னும் கறுத்து, ஆள் உயரத்துக்கு எழும்பி, கதிர் பிடிக்காமலே சாய்ந்தது. அங்கே மட்டும் நான் போகமாட்டேன்.

பார்ப்பதற்கு ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். விவசாய அதிகாரி வந்தார். காசில்லாக் குப்பையை வைத்து, மண்ணெண்ணெய் இல்லாமல், தார் இல்லாமல் செய்திருக்கிறார் என்று மெச்சினார். வந்தவர்கள் எல்லாரிடமும் என் கணவர் முதலில் ஆடுகளைத்தான் சொல்வார். அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு கஞ்சி எவ்வளவு, தூள் எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்த பருவத்தில் அதிகாரி மூலமாக வானொலிக்காரர்கள் பெட்டியும் மைக்குமாக எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பண்ணை நிகழ்ச்சிக்காக அவருடைய பேச்சைப் பதிவுசெய்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பூசும் முறையைச் சொன்னார். பிறகு ஆடுகள் செத்ததைச் சொன்னார். ஆள் காவல் இல்லாமல் காயப்போடாதீர்கள், தீனி வாசனை அடிக்கும், வேம்பு கலந்தாலும் ஆடு தின்னும், பாதிக்குமேல் செத்துப்போயின என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள்.

ஒலிபரப்பாகிற நாள் தெரிந்ததும் கிடைக்காரருக்குச் சொல்லியனுப்பினார். அவர் வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். துண்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன், குடிக்காமல் வைத்திருந்தார்.

என் கணவரின் குரல் வந்தது. அவர் குரல் மாதிரியே இல்லை, யாரோ படித்தவர் பேசுவது போலிருந்தது. புளியங்கொட்டை வந்தது, கஞ்சிப் பதம் வந்தது. கடலைத்தோடு, வேப்பம்புண்ணாக்கு, சாக்கில் உருட்டுவது, வெயிலில் நன்றாகக் காயவைப்பது எல்லாம் வந்தது. பிறகு ஒரு பெண்குரல் பேட்டிக்கு நன்றி சொன்னது. இசைத்தட்டு ஒன்று போட்டார்கள்.

கிடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். பாட்டு முடிந்து விலை நிலவரம் தொடங்கியது. அதையும் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு என் கணவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ஆடு வரலியே, மொதலாளி?"

"சொன்னேன் அண்ணாச்சி. இவ இங்கனதான் நின்னா, கேளுங்க. சொன்னேன். வெட்டிட்டாக."

நேரம் போதவில்லை என்று வெட்டியிருப்பார்கள். நல்ல சேதிக்கு நடுவில் கெட்ட சேதி எதற்கு என்றும் வெட்டியிருப்பார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கிடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துவைத்தார்.

அப்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், எங்களுக்கு முகம் மட்டும் பழக்கம், மூச்சு வாங்க இறங்கினார்.

"அண்ணாச்சி, ரேடியோவுல கேட்டுட்டு நேரா வாரேன். பிரமாதம். எங்க வீட்டுலயும் ஒரு மூட்ட கெடக்கு. நாளைக்கே பூசிக் களத்துல காயப்போடுதேன். கஞ்சி எத்தன படி சொன்னிய?"

தரையில் இருந்த கிடைக்காரர்தான் கம்பை ஊன்றி எழுந்தார்.

"சும்மா காயப்போட்டுறாதிய ஐயா" என்றார். "ஆடு வந்து தின்னுரும். தின்னா செத்துரும். எங்க ஆடு அத்தனையும் அதத் தின்னுதான் செத்துப்போச்சு."

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அழுக்குத் துண்டு, கையில் கம்பு. பிறகு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரேடியோவுல அப்படி ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.